அலுத்துப்போகும் ராக் ஆல்பங்கள், அலுக்காத ராக் ஆல்பங்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியவர் ராக் இசையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’, டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’, ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’, பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’, லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம். எல்லாம் கோடிக்கணக்கில் விற்றவை. முதல் தடவை கேட்பவரைக் கட்டிப்போடுபவை. ஆனால் ஒரு இசைத்தட்டுக்கு இன்று சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். அது வருடக்கணக்கில் நம் அலமாரியில் இருக்கப்போகிறது. ஐம்பதாவது தடவை ஊசியை வைக்கும்போது அது என்ன தரும் என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். அப்படி யோசித்தால் இந்தப் பட்டியலில் பாதி கழிந்துவிடும் என்பது என் கணிப்பு.

அலுப்பில் இரண்டு வகை இருக்கிறது. அவற்றைக் குழப்பிக்கொண்டால் நல்ல ஆல்பத்தை விட்டுவிடுவோம். முதல் வகை வெளியிலிருந்து வருவது. ரேடியோவில், ஓட்டலில், விளம்பரத்தில், கிட்டார் கற்கும் ஒவ்வொரு பையனின் கையில் என்று ஒரே பாட்டைக் கேட்டுக் கேட்டு வருகிற சலிப்பு. இதில் ஆல்பத்தின் தவறு எதுவும் இல்லை. ஒரு வருடம் ஒதுக்கிவைத்தால் சலிப்பு போய்விடும், பாட்டு மறுபடி எழுந்து நிற்கும். இரண்டாவது வகை உள்ளிருந்து வருவது. ஆல்பத்தின் பலமே ஒரு திடீர்ச் சத்தத்திலோ, ஒரு கதையிலோ, ஸ்டுடியோவின் பளபளப்பிலோ இருந்தால், அது தெரிந்துபோன அன்றே பலம் தீர்ந்துவிடுகிறது. எத்தனை வருடம் ஒதுக்கிவைத்தாலும் திரும்ப வராது.

ஆகவே, ஒரே குழுவின் இரண்டு ஆல்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். குரல் பிடிக்கிறதா, அந்தக் காலத்து ராக் பிடிக்கிறதா என்ற கேள்விகள் அப்போது எழாது. எது தாங்குகிறது, எது தேய்கிறது என்பது மட்டும் மிஞ்சும்.

பிங்க் ஃபிளாய்டிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் குழுவில்தான் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

‘தி வால்’ 1979 நவம்பர் 30 அன்று வந்த இரட்டை ஆல்பம். 26 பாட்டுகள், 80 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 1977-ல் மான்ட்ரியல் கச்சேரியில், மேடைக்கு அருகில் கலாட்டா செய்த ஒரு ரசிகர் மீது, குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான ரோஜர் வாட்டர்ஸ் காறித் துப்பினார். தானே அப்படிச் செய்தது அவரை உலுக்கியது. தனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சுவர் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. போரில் தகப்பனை இழந்த பிங்க் என்ற பாடகன், அவனை மூச்சுமுட்டக் காக்கும் தாய், அவமானப்படுத்தும் வாத்தியார், முறிந்த திருமணம் என்று ஒவ்வொன்றும் அந்தச் சுவரின் ஒரு செங்கல். தயாரிப்பில் முக்கியப் பங்கு வகித்த பாப் எஸ்ரின், லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகளின் கோரஸ், ஹெலிகாப்டர், தொலைபேசி, மைக்கேல் காமன் அமைத்த ஆர்க்கெஸ்ட்ரா என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தினார். இருட்டறையில் முதல் தடவை கேட்பவருக்கு இது மறக்க முடியாத அனுபவம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதை தெரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? ‘வேரா’, ‘பிரிங் தி பாய்ஸ் பேக் ஹோம்’ போன்றவை ஒன்றரை நிமிடத் துண்டுகள். கதையை ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குக் கடத்துவதுதான் அவற்றின் வேலை. கடைசியில் வரும் ‘தி டிரையல்’ நீதிமன்றக் காட்சியில் வாட்டர்ஸ் குரலை மாற்றி மாற்றிப் பல பாத்திரங்களாகப் பாடுகிறார். முதல் தடவை வாய்பிளக்க வைக்கும். யார் எப்போது கத்துவார் என்று மனப்பாடமான பிறகு, ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று தோன்றிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இந்த ஆல்பத்தின் பதிவு நடந்தபோதுதான் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டைக் குழுவைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். முந்தைய ஆல்பங்களில் பாட்டுக்கு அடியில் விரிந்து கிடந்த அவருடைய நிதானம் இதில் அநேகமாக இல்லை. வார்த்தைகள் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டன.

விதிவிலக்கு மூன்றாம் பக்கம். ‘ஹே யூ’வில் தொடங்கி, ‘நோபடி ஹோம்’ வழியாக, ‘கம்ஃபர்டபிளி நம்ப்’பில் முடிகிற பக்கம். அந்தக் கடைசிப் பாட்டில் டேவிட் கில்மோர் கிட்டாரில் வாசிக்கும் இரண்டாவது சோலோ என்றைக்கும் தேயாது. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்காக நான்கு பக்கங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது 1975 செப்டம்பரில் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’. மொத்தம் நான்கே பாட்டுகள். அதில் ஒன்றை இரண்டாக வெட்டி ஆல்பத்தின் தலையிலும் வாலிலும் வைத்திருக்கிறார்கள். அதுதான் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’, இரண்டு பாதியும் சேர்த்து ஏறக்குறைய 26 நிமிடம். ஒயின் கிளாஸ் விளிம்பில் ஈர விரலால் தேய்த்தால் வரும் ரீங்காரமும் ரைட்டின் சிந்தசைசரும் கலந்து மெதுவாக எழும்புகின்றன. ஏறக்குறைய நான்கு நிமிடம் கழித்து கில்மோர் நான்கே ஸ்வரங்களை வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அவை கரையும்வரை யாரும் அவசரப்படுவதில்லை. மறுபடி அதே நான்கு. பிறகுதான் நிக் மேசனின் டிரம்ஸும் பேஸும் உள்ளே வருகின்றன. வாட்டர்ஸின் குரல் கேட்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இதில் அதிர வைக்கும் தந்திரம் எதுவும் இல்லை, அதனால் தெரிந்துபோய்த் தீர்வதற்கும் எதுவும் இல்லை. ஒரு நாள் கிட்டாரைத் தொடர்ந்து போகலாம், இன்னொரு நாள் அடியில் ஓடும் ஆர்கனை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம்.

மனநலம் குலைந்து குழுவைவிட்டுப் போன சிட் பேரட்டை நினைத்து எழுதிய பாட்டு இது. 1975 ஜூன் 5 அன்று, இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஆபி ரோடு ஸ்டுடியோவுக்கே அவர் வந்து நின்றார். தலையையும் புருவத்தையும் மழித்து, உடம்பு பெருத்துப்போயிருந்த அவரைப் பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. மனத்தைப் பிசையும் செய்தி. ஆனால் இதைத் தெரியாதவருக்கும் அந்தப் பாட்டு முழுசாகச் சேர்கிறது. ‘தி வால்’ கதையை நம்பி நிற்கிறது. இதற்குக் கதை தேவைப்படவில்லை. இந்த ஆல்பத்திலும் ஒரு பலவீனம் உண்டு: ‘வெல்கம் டு தி மெஷின்’ பாட்டின் இயந்திர ஒலிகளில் எழுபதுகளின் முத்திரை அழுத்தமாக விழுந்துவிட்டது.

‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1973-லிருந்து 1988 வரைக்குள் 741 வாரம் இருந்த ஆல்பத்தைப் பற்றி இப்படிச் சொல்வது சிலருக்குக் கோபம் வரவழைக்கும். இருந்தாலும் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் எல்லாக் கடிகாரங்களும் ஒன்றாக அலறுவதும், ‘ஆன் தி ரன்’னின் சிந்தசைசர் ஓட்டமும் முதல் சில தடவைக்கானவை என்றே நினைக்கிறேன். ‘அஸ் அண்ட் தெம்’, கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் பாடிய ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ இரண்டும் அப்படி இல்லை. இரண்டுமே ரைட்டின் பியானோவிலிருந்து பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். பிங்க் ஃபிளாய்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ‘விஷ் யூ வேர் ஹியர்’, இரண்டாவதாக இது. ‘தி வால்’ஐ செயலியில் கேட்டால் போதும்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸுக்கு வருவோம். ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985 மே மாதம் வந்தது. கரீபியக் கடலில் மான்ட்செராட் தீவில் இருந்த ஏர் ஸ்டுடியோவில் டிஜிட்டல் முறையில் பதிவு செய்யப்பட்டது. சிடி என்ற புதுப் பொருளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்த ஆல்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிடியில் பத்து லட்சம் விற்ற முதல் ஆல்பம் இதுதான். ஆடியோ கடைகளில் ஸ்பீக்கரைப் போட்டுக்காட்ட இதையே வைத்தார்கள். சிக்கலும் இங்கேதான். அந்தத் துல்லியம் அன்றைக்கு அதிசயம்; இன்றைக்கு எல்லாப் பதிவும் துல்லியம். ‘மனி ஃபார் நத்திங்’, ‘வாக் ஆஃப் லைஃப்’ இரண்டின் கீபோர்டிலும் டிரம்ஸிலும் எண்பதுகளின் வாடை தூக்கலாக அடிக்கிறது. தலைப்புப் பாட்டு மட்டும் தனியாக நிற்கிறது. மார்க் நாஃப்ளரின் கிட்டார் அதில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போகிறது, உரத்துச் சொல்ல வேண்டிய அவசியமே அதற்கு வருவதில்லை.

இசைத்தட்டாக வாங்குபவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-ல் வந்த ஒற்றைத் தட்டில் பாட்டுகளைச் சுருக்கிவிட்டார்கள், ஏனென்றால் ஒரு தட்டில் 55 நிமிடத்தைத் தரம் குறையாமல் அடைப்பது கடினம். ‘வை வொரி’ சிடியில் எட்டரை நிமிடம். அந்தத் தட்டில் ஐந்தரை நிமிடம்கூட இல்லை. பழைய முதல் பதிப்பு என்று சொல்லி அதிக விலை கேட்பவரிடம் வாங்கினால் கையில் கிடைப்பது குறைந்த பாட்டுதான். முழு நீளம் வேண்டும் என்றால் பிற்காலத்து இரட்டைத் தட்டு மறுபதிப்பைத் தேட வேண்டும்.

இதன் பக்கத்தில் 1978-ல் வந்த முதல் ஆல்பத்தை வையுங்கள். குழுவின் பெயரேதான் ஆல்பத்தின் பெயரும். லண்டன் பேசிங் ஸ்ட்ரீட் ஸ்டுடியோவில் சொற்பச் செலவில் எடுத்தது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான் ஆட்கள். ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாட்டில் எல்லோரும் நாஃப்ளரின் கிட்டாரைத்தான் கேட்போம். பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) எதுவும் இல்லாமல் வெறும் விரலால் மீட்டுவதால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு அழுத்தத்தோடு வரும். அடுத்த தடவை பிக் விதர்ஸின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ஹை-ஹாட்டில் (காலால் திறந்து மூடும் ஜோடித் தாளத் தட்டு) அவர் கை எவ்வளவு லேசாக விழுகிறது, கிட்டார் ஒரு வரியை முடிக்கும் இடத்தில் எப்படிச் சின்னதாக ஒரு உருட்டல் வைத்துப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்த பதிவு இது. அந்தப் பேச்சுவார்த்தை காதுக்குப் பிடிபடவே பல மாதம் ஆகும், பிடிபட்ட பிறகும் தீராது. நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன், தயக்கமே இல்லாமல்.

லெட் செப்பலின் விஷயத்தில் அலுப்பு முற்றிலும் வெளியிலிருந்து வந்தது. 1971 நவம்பரில் வந்த, பெயரே வைக்காத அந்த நான்காவது ஆல்பத்தில் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ இருக்கிறது. அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கும் கிட்டார் கடைக்காரர்கள் உலகம் முழுக்க உண்டு. அதற்காக ஆல்பத்தை ஒதுக்குவது பெரிய நஷ்டம். தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடைசியில் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ வரும். 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்த வெள்ளத்தைப் பற்றி கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929-ல் பாடிய ப்ளூஸ் அதன் மூலம். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பங்களாவின் முன்கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸைப் போட்டு, மாடிப்படிக்கு மேலே மைக்குகளைத் தொங்கவிட்டுப் பிடித்தார்கள். தோலில் அடி விழும் சத்தத்தோடு அந்தக் கூடத்தின் சுவரும் உயரமும் சேர்ந்து கேட்கின்றன. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒலிக்கு வயதாகவில்லை. அதே பக்கத்தில் இருக்கும் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ஐ குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் 1972-ல் பம்பாயில் இந்தியக் கலைஞர்களோடு மறுபடி பதிவு செய்தார்கள். 2015-ல்தான் அது அதிகாரபூர்வமாக வெளிவந்தது, தேடிக் கேளுங்கள்.

1975-ல் வந்த இரட்டை ஆல்பம் ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’ இதைவிட நீண்ட நாள் தாங்கும். 15 பாட்டு, எல்லாமே உச்சம் கிடையாது, அதுவே ஒரு சௌகரியம்: எங்கே வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். ‘காஷ்மீர்’ பாட்டில் பான்ஹம் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டு போக, கிட்டாரும் ஆர்க்கெஸ்ட்ராவும் மூன்று மூன்றாகப் படியேறுகின்றன. பன்னிரண்டு அடிக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து விழும். தாளக் கணக்குப் பழகிய நம் ஊர்க் காதுக்கு இது தனிச் சந்தோஷம். (வரிகள் பிறந்தது மொராக்கோவின் தெற்கே பாலைவனச் சாலையில், காஷ்மீரில் இல்லை.) பணம் குறைவு என்றால் நான்காவது ஆல்பம், இருந்தால் இது.

கலிஃபோர்னியாவுக்கு வந்தால் இரண்டு குழுக்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு ஆல்பங்களும் இரண்டு மாத இடைவெளியில் வந்தவை. ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 1976 டிசம்பரில், ஃபிளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ 1977 பிப்ரவரியில். ஈகிள்ஸ் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டின் முடிவில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, கடைசியில் இழைந்துபோகும் கிட்டார் பகுதி நம் ஊரில் ஆங்கிலப் பாட்டே கேட்காதவர்களுக்கும் தெரியும். வீட்டில் எடுத்த மாதிரிப் பதிவில் இருந்தது போலவே ஸ்வரம் மாறாமல் வாசிக்க வேண்டும் என்று குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான டான் ஹென்லி பிடிவாதமாக இருந்ததாக ஃபெல்டர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிடிவாதம் முழு ஆல்பத்திலும் தெரிகிறது. எல்லாம் இழைத்து மெருகேற்றப்பட்டு அதனதன் இடத்தில் இறுகிவிட்டன. மனப்பாடமான பிறகு காதுக்கு வேலை இல்லை. ‘விக்டிம் ஆஃப் லவ்’ போன்றவை அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

‘ரூமர்ஸ்’ஸும் மெருகேற்றியதுதான், டேப் தேயும்வரை ஓட்டி ஓட்டி வேலை செய்தார்கள். ஆனால் அதில் மூன்று பேர் எழுதுகிறார்கள், மூன்று பேர் பாடுகிறார்கள். குழுவுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தபோது எடுத்த ஆல்பம். ஒருவர் எழுதிய குற்றச்சாட்டுக்கு எதிராளியே கூட நின்று பாடவும் வாசிக்கவும் வேண்டியிருந்தது. ஸ்டீவி நிக்ஸின் ‘டிரீம்ஸ்’ அநேகமாக இரண்டே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஓடுகிறது. ஜான் மெக்வியின் பேஸ் அதைத் தாங்கும் விதத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். 1992-ல் கிளின்டனின் தேர்தல் பிரச்சாரத்தில் ஓயாமல் ஒலித்த ‘டோன்ட் ஸ்டாப்’ மட்டும் எனக்கு மீளவில்லை. இரண்டில் ‘ரூமர்ஸ்’.

பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பத்தையும் (1976) இங்கேயே சொல்லிவிடலாம். போலராய்டு நிறுவனத்தில் எஞ்சினியராக இருந்த டாம் ஷோல்ஸ் தன் வீட்டு நிலவறையில் பெரும்பகுதியைத் தனியாளாகப் பதிவு செய்தார் என்பது மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் ‘மோர் தேன் எ ஃபீலிங்’ தந்த பிரமிப்பையே மற்ற பாட்டுகளும் திரும்பத் தருகின்றன, கொஞ்சம் குறைத்து. அந்த ஒரு பாட்டு போதும்.

பீட்டில்ஸில் ‘சார்ஜென்ட் பெப்பர்’ (1967) வாங்குவதா, ‘ரிவால்வர்’ (1966) வாங்குவதா? முதலாவதன் பெருமை வரலாற்றுப் பெருமை. ராக் ஆல்பம் என்பதை ஒரு முழுப் படைப்பாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அது. ஆனால் ‘குட் மார்னிங் குட் மார்னிங்’கின் விலங்குச் சத்தங்களும், ‘லவ்லி ரீட்டா’வின் குறும்பும், ‘பீயிங் ஃபார் தி பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்’டின் சர்க்கஸ் ஆரவாரமும் இன்று திருவிழா முடிந்த மறுநாள் பந்தல் மாதிரி இருக்கின்றன. தாங்குபவை இரண்டு: 40 பேர் ஆர்க்கெஸ்ட்ராவோடு முடிகிற ‘எ டே இன் தி லைஃப்’, லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்களோடு ஜார்ஜ் ஹாரிசன் செய்த ‘விதின் யூ விதவுட் யூ’. இரண்டாவதை மேற்கத்திய ரசிகர்கள் பலர் தாண்டிப்போய்விடுவார்கள். தில்ரூபாவும் (வில்லால் வாசிக்கும் இந்தியத் தந்தி வாத்தியம்) குரலும் ஒன்றையொன்று பின்தொடர்வதைக் கேட்கத் தெரிந்த நமக்கு அந்தத் தட்டில் ஆழமானதே அதுதான்.

‘ரிவால்வர்’ 14 பாட்டு, 35 நிமிடம். ஒரு நிமிடமும் வீண் இல்லை. ‘எலினார் ரிக்பி’யில் எட்டுத் தந்தி வாத்தியங்கள் மட்டும், குழுவினர் யாருமே வாத்தியம் தொடவில்லை. ‘லவ் யூ டு’வில் அனில் பகவத்தின் தபலா. ‘டுமாரோ நெவர் நோஸ்’ தம்பூரா சுருதி பிடிக்க, ஒரே கார்டில் நின்றுகொண்டு, அதன் மேல் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸை விடாமல் ஓடவிடுகிறது. வெட்டி ஒட்டிய டேப் சத்தங்கள் இதிலும் உண்டு, ஆனால் அவை தாளத்தில் உட்கார்ந்திருக்கின்றன, மேலே ஒட்டவைத்த அலங்காரமாக இல்லை. அதனால்தான் தாங்குகிறது. ‘ரிவால்வர்’ வாங்குங்கள்.

கடைசியாக, எதிர்த்திசையில் போகிற ஒரு ஆல்பம்: ரோலிங் ஸ்டோன்ஸின் ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’, 1972 மே. இதனோடு ஒப்பிட வேண்டியது முந்தைய வருடத்து ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’. அது முதல் நொடியிலேயே ‘பிரவுன் ஷுகர்’ அடித்துத் தூக்கிவிடும். நல்ல ஆல்பம், ‘கேன்ட் யூ ஹியர் மீ நாக்கிங்’ பாட்டின் பின்பாதிக்காகவே வைத்திருக்கலாம். பழைய பதிப்பு வாங்கினால் அட்டையில் இருக்கும் நிஜ ஜிப்பைப் பாருங்கள். அது அழுத்தித் தட்டையே சேதப்படுத்திய பிரதிகள் உண்டு.

‘எக்ஸைல்’ அப்படி வரவேற்காது. பெரும்பகுதியை பிரான்ஸின் தென்கடற்கரையில் கீத் ரிச்சர்ட்ஸ் வாடகைக்கு எடுத்திருந்த நெல்கோட் மாளிகையின் நிலவறையில், புழுக்கத்தில், வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டிக்குக் கம்பி இழுத்து எடுத்தார்கள். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்து மெருகேற்றியும் அந்தப் புழுக்கம் போகவில்லை. மிக் ஜாகரின் குரல் வாத்தியங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். 18 பாட்டும் ஒரே சேறாகத் தெரியும். வந்த புதிதில் விமர்சகர்களில் பலரும் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். கேட்கக் கேட்கத்தான் சேறு தெளிந்து ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்: சார்லி வாட்ஸின் கை, நிக்கி ஹாப்கின்ஸின் பியானோ, பாபி கீஸின் சாக்ஸ், பிறகு ‘லெட் இட் லூஸ்’ பாட்டின் கோரஸ். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா ஆல்பங்களிலும் மிகத் தாமதமாகத் திறப்பது இதுதான், என் வீட்டில் அதிகம் சுழல்வதும் இதுதான். வாங்கினால் முதல் மாதத்தில் பிடிக்கவில்லை என்று விற்றுவிடாதீர்கள். மூன்றாம் பக்கத்தை மட்டும் அவ்வப்போது போட்டுக்கொண்டிருங்கள்.